அம்புக்குறி காட்டும் பக்கம்

பின்னால் வந்த காலடியில் வலது கால் இழுபட்டது. டீச்சர் நின்றாள். அந்த நடை அவளுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற கண்டக்டரான அவள் கணவருடைய நடை. ஆனால் அவரை மலைப்பாதை தொடங்கும் இடத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டல்லவா வந்திருந்தாள்.

"மூட்டு ஒத்துழைக்க மாட்டேங்குது, டீச்சரம்மா. நீ போயிட்டு வா," என்று அவர்தான் அனுப்பினார். "வட்டம்தானே. எப்படிச் சுத்தினாலும் எங்கிட்டதான் வந்து சேரணும்."

"பெஞ்சுல உக்காந்துக்கிட்டு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் டிக்கெட் கிழிக்காதீங்க," என்று சொல்லி, தன் ஸ்வெட்டரை அவர் தோளில் போர்த்திவிட்டுக் கிளம்பினாள்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. ஈர மரப்பட்டையும் அழுகிய இலையும் மணக்க, அடுத்த திருப்பத்தின் மஞ்சள் அம்புக்குறிகூடக் கைக்கெட்டும் தூரம் வந்த பிறகே தெரிய, எங்கோ நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே அந்தக் காலடி மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நீங்களா?"

பனியைப் பார்த்ததும் மனம் கேட்காமல் எழுந்து வந்திருப்பார். ஓடி வரும் கடைசி ஆளையும் ஏற்றிக்கொள்ளாமல் விசில் கொடுக்காத மனிதர். அவள் காத்திருந்தாள். காலடி நெருங்கவில்லை. நிற்கவும் இல்லை. அந்த மூட்டோடு இவ்வளவு தூரம் எப்படி ஏறினார்?

கடவுளே, அவர் பெஞ்சிலேயே இருக்கட்டும்.

இனித் திரும்புவதைவிட முன்னால் போவதே கிட்டம். அவள் வேகமாக நடந்தாள். பிறகு ஓடினாள். இறக்கம். மரப்படிகள். வழுக்கல். கடைசி அம்புக்குறி.

பெஞ்சில் அவர் இருந்தார். ஸ்வெட்டரோடு. தலை மார்பில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. நாடி இல்லை. மூச்சும் இல்லை.

அவள் அழவில்லை. அழ முடியவில்லை. காலடி இன்னும் வந்துகொண்டிருந்தது.

இழுபட்டு. இழுபட்டு. அவளருகில் நின்றது.

"அம்மா," என்றது அவருடைய குரல், முன்பின் தெரியாத பயணியிடம் பேசும் மரியாதையோடு. "எங்க வீட்டம்மா இந்தப் பக்கமா வந்தாங்களா? பாத்தீங்களா?"

நிமிர்ந்தாள். அவரேதான். புருவமெல்லாம் பனித்துளி. அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. அடையாளம் தெரியவில்லை.

"நான்தாங்க."

அவர் காத்திருந்தார், இன்னும் பதில் வராதது போல.

களைத்த மனிதரை நிற்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "கொஞ்சம் உக்காருங்க."

"இல்லம்மா. இருட்டப் போகுது. அவ தனியாப் போயிருக்கா."

அம்புக்குறி காட்டிய பக்கம் அவர் நடந்தார். பெஞ்சில் அவள் பிடித்திருந்த கை, அவள் விரல்களுக்குள் மெல்ல விறைத்துக்கொண்டிருந்தது.

முதல் வளைவுக்கு அப்பால், பனிக்குள்ளிருந்து, அவர் அவளைக் கூப்பிடத் தொடங்கினார்.