கோடாலிக்காரன் ஏன் விலகினான்?

மேசை மேலிருந்த போன் அலறியது.

கண்ணாடிக்காரர் பாய்ந்து எடுத்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கண் சோதித்து மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர். ஆனால் தன் போனில் யார் கூப்பிடுவது என்று படிக்க அவருக்கு மூன்று விநாடி ஆனது. தன் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்ததையே மறந்திருந்தார்.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க வீட்டுக்குக் கீழதான் நிக்கிறேன். எத்தனாவது மாடி?"

"மூணாவது மாடி மேடம். லிஃப்ட் வேலை செய்யலை..."

"ஞாயித்துக்கிழமை லீவுதான் போச்சுன்னு நினைச்சேன். முட்டியும் போகப் போகுது. வரேன்!"

மதியம் இரண்டே முக்கால். மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பம்.

ஆரம்பித்த அரை மணி நேரத்தில் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அவருடைய ஒரே தங்கை உயிரோடு இருக்கிறாளா... இல்லையா?

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயது. மூச்சிரைக்க நாற்காலியில் விழுந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் காலி செய்தார்.

"சொல்லுங்க. முதல்லேர்ந்து, சுருக்கமா! ஸ்டேஷன்ல நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியலை. புரிஞ்ச பாதியை நம்ப முடியலை."

"பன்னெண்டு நாள் ஆச்சு மேடம். மாப்பிள்ளைகிட்டேர்ந்து ஒரு மெசேஜ். 'உங்க தங்கச்சி சண்டை போட்டுட்டு, பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா'ன்னு. அன்னிக்கே அவகிட்டேர்ந்தும் ஒண்ணு. 'வேற ஊர்ல ஹாஸ்டல்ல இருக்கேன், என்னைத் தேடாத'ன்னு. அதுக்கப்புறம் ரெண்டு பேர் குரலையும் நான் கேக்கவே இல்லை."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களா?"

"மூணு தடவை போனேன். வாசல்ல பூட்டு. மாப்பிள்ளைக்கு ஐஸ்க்ரீம் ஏஜென்சி. 'கடை கடையா சரக்கு இறக்கிட்டு இருக்கேன், அப்புறம் வாங்க'ன்னு மெசேஜ் மட்டும் வரும்."

"உங்க தங்கச்சி போன வாரம் உங்க கூட கம்ப்யூட்டர்ல ஆட்டம் ஆடியிருக்காங்க. இன்னிக்கும் ஆட வராங்க. 'தேடாத'ன்னு அவங்களே எழுதறாங்க. மேஜரான பொண்ணு! இதுக்குப் போய் அவங்க போன் எங்க இருக்குன்னு டவர் லிஸ்ட் கேட்டேன்னா என் மேலதிகாரி என்னைத்தான் தேடுவார்."

"ஆட வர்றது அவ இல்லைன்னு நான் சொல்றேன் மேடம்!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார். 'காட்டுங்க' என்பதுபோல் கணினியைப் பார்த்தார்.

திரையில் ஒரு பாழடைந்த கோட்டையின் வரைபடம். கட்டம் கட்டமாகத் தரை. அதில் மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாத்திரம் மேடம். கோடாலிக்காரன் எங்க மாப்பிள்ளை. வைத்தியக்காரி என் தங்கச்சி. வில்லாளி, எங்க டெய்லர். அவங்கவங்க வீட்டுல உக்காந்து ஆடுவாங்க. நான் ஆட்டத்தை நடத்தறவன். எந்தப் பாத்திரம் யார் கையில, அதோட கண்ணுக்கு எது தெரியணும், அது பேசலாமா கூடாதா... எல்லாம் நான்தான் தீர்மானிக்கணும்."

"ஆக, கடவுள்!"

"ஞாயித்துக்கிழமை மட்டும் மேடம்."

இன்ஸ்பெக்டரின் உதடு லேசாக வளைந்தது. ஆனால் கண்ணாடிக்காரருக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

"போன வாரம் ரெண்டு பேருமே மைக்ல பேசலை. எழுதித்தான் ஆடினாங்க. அவருக்குத் தொண்டை கட்டிடுச்சாம். இவளுக்கு ஹாஸ்டல்ல சத்தம் போடக் கூடாதாம். சரின்னு விட்டுட்டேன். ஆனா மேடம்... கோடாலிக்காரன் நகரும்போது வைத்தியக்காரி அசையலை. வைத்தியக்காரி நகரும்போது கோடாலிக்காரன் அசையலை. மூணு மணி நேரம்! ஒரே ஒரு தடவைகூட ரெண்டும் சேர்ந்து நகரலை!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டையும் ஒரே ஆள் ஆடறான்னு சொல்றீங்க."

"மாப்பிள்ளை ஆடறார். அவ உயிரோட இருக்கான்னு எல்லாரும் நம்பணும்னு ஆடறார். அவளை... என்ன பண்ணினார்னுதான் தெரியலை."

"அடிப்பாரா?"

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புவதாக இல்லை.

"நாலு மாசம் முன்னாடி இங்க வந்தா. முழங்கையை மடக்க முடியலை அவளால. 'திருகிட்டார் அண்ணா, என்னைத் திருப்பி அனுப்பாத'ன்னு அழுதா. நான்... 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா'ன்னு சொல்லி, மறுநாள் காலையில பஸ் ஏத்தி விட்டேன்."

"நல்ல அண்ணன்!" என்றார் இன்ஸ்பெக்டர். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அது அவருக்கு ஆழமாகத் தைத்தது.

மணி மூன்று.

"கேட்டுக்கங்க. நம்ம ஆளுங்க ரெண்டு பேர் அந்த வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. வெளியில பூட்டு, ஆனா உள்ள ஃபேன் ஓடற சத்தம் கேக்குதாம். நான் ஒரு வார்த்தை சொன்னா கதவை உடைப்பாங்க. ஆனா அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும். இருக்கா?"

"இருக்கு மேடம். ஒரு குழி."

அவர் வரைபடத்தில் ஒரு நீண்ட நடைவழியைக் காட்டினார். நடுவே ஒரு சிவப்புக் கட்டம்.

"இந்தக் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. வைத்தியக்காரி பாத்திரத்தோட கண்ணுக்கு மட்டும் தெரியற மாதிரி வெச்சிருக்கேன். இப்படி வெச்சிருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லலை. அவ திரையில சிவப்பா தெரியும். கோடாலிக்காரன் திரையில வெறும் தரை."

"அவங்க எழுதி எச்சரிக்கை பண்ணிட்டா?"

"பண்ண முடியாது. வைத்தியக்காரி வாயைக் கட்டிட்டேன். மந்திரம்னு சொல்லிடுவேன். அவ எழுதினா எங்கேயும் போகாது. இப்ப கோடாலிக்காரன் முன்னாடி நடக்கணும். அவன் நேரா போய் விழுந்தா என் சந்தேகம் தப்பு. விலகிப் போனான்னா..."

"விலகிப் போனான்னா, அவன் பார்க்கக் கூடாததைப் பார்த்திருக்கான்."

"ஆமா மேடம்."

"கண்ணாடிக் கடையில உக்காந்து என்ன சார் பண்றீங்க? எங்க டிபார்ட்மெண்டுக்கு வந்திருக்கலாம்!"

திரையின் ஓரத்தில் மூன்று பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. ஸ்பீக்கரில் டெய்லரின் குரல் கரகரத்தது.

"வந்துட்டேன்ப்பா! போன வாரம் நான்தான் பேய்கிட்ட அடி வாங்கினேன். இந்த வாரம் நான் முன்னாடி போக மாட்டேன், சொல்லிட்டேன்!"

கண்ணாடிக்காரர் மைக்கைத் திறந்தார். தொண்டையைக் கனைத்துக் குரலைச் சரிசெய்துகொண்டார்.

"போக வேண்டாம் டெய்லர். வில்லாளி பின்பக்க வாசலைக் காவல் காக்கட்டும். கோட்டைக்குள்ள காலை வெச்சதுமே ஒரு மந்திரம் தாக்குது... வைத்தியக்காரியால பேச முடியலை. அவ கதவுகிட்ட நிக்கிறா. நடைவழி நேரா தெரியுது. கோடாலிக்காரன் முன்னாடி போகணும். மாப்பிள்ளை, உங்க முறை!"

எழுத்தில் பதில் வந்தது. 'போறேன்.'

மைக்கை மூடினார். இருவரும் திரையை நெருங்கினார்கள்.

கோடாலிக்காரன் நகர்ந்தான். ஒரு கட்டம்... இரண்டு கட்டம்... மூன்று...

குழிக்கு முந்தின கட்டத்தில் நின்றான்.

பிறகு இடது பக்கம் ஒதுங்கி, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான்!

"மேடம்..."

"தற்செயலா இருக்கலாம். இன்னொண்ணு வைங்க."

இன்னொன்று வைத்தார். இந்த முறை சுவரோரமாக. கோடாலிக்காரன் நடுவழியே போனான். அங்கேயும் குழி வைத்தார். உடனே மறுபக்கம் தாவினான். சிவப்பைக் கண்டால் ஒதுங்குவது ஆடுபவர்களுக்கு ஊறிப்போன பழக்கம். எந்தத் திரையில் அந்தச் சிவப்பைப் பார்த்தோம் என்று யார் நின்று யோசிக்கிறார்கள்?

"இன்னும் ஒண்ணு பாக்கி மேடம். இந்தக் குழி வைத்தியக்காரிக்கும் தெரியாது."

கோடாலிக்காரன் ஒரு கணம்கூட நிற்கவில்லை. நேராகப் போனான். தொபுக்கென்று விழுந்தான்!

எழுத்தில் ஒரு வரி ஓடியது. 'ஐயோ! இங்க குழியா?'



"வைத்தியக்காரிக்குத் தெரிஞ்சா கோடாலிக்காரன் ஒதுங்கறான்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "அவளுக்குத் தெரியலைன்னா இவன் விழறான்... ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தா?"

"அப்ப அவ வேற ஊர்ல இல்லைன்னு ஆகுது! அவ பேர்ல வந்ததெல்லாம் பொய்னு ஆகுது! கதவைத் தட்ட அதுவே போதாதா மேடம்?"

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார்.

"உடைங்க!"

ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். தடதடவென்று காலடிச் சத்தம். "முன்னாடி பூட்டு மேடம், பின்கதவு உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருக்கு!" என்று ஒரு கான்ஸ்டபிளின் குரல். மரம் பிளக்கும் ஓசை. ஒரு முறை... இரண்டு முறை...

திரையில் இரண்டு பெயர்களும் ஒரே நேரத்தில் பச்சை இழந்து சாம்பல் நிறமாயின.

கண்ணாடிக்காரர் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடவுளே, தாமதமாகிவிடக் கூடாது. காயம்பட்டோ, கட்டிப்போடப்பட்டோ, எப்படியிருந்தாலும் சரி. மூச்சு இருந்தால் போதும்.

"மேடம்... உள்ள வந்துட்டோம். ஹால்ல ரெண்டு லேப்டாப். ரெண்டுலயும் ஏதோ கோட்டை ஆட்டம் திறந்திருக்கு."

"ஆள்?"

"ஒரே ஆள்தான் மேடம். உக்காந்திருக்காங்க... லேடி."

"லேடியா?"

"கம்ப்ளைண்ட் கொடுத்தவரோட தங்கச்சிதான்னு சொல்றாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நல்லா இருக்காங்க."

கண்ணாடிக்காரர் நாற்காலியில் சரிந்தார். வாய்விட்டு அழுதார். உயிரோடு இருக்கிறாள்! இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"காப்பாத்திட்டீங்க மேடம்... அந்தப் படுபாவி ஓடிட்டானா? விடாதீங்க அவனை!"

இன்ஸ்பெக்டர் கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் பார்வை போனைவிட்டு நகரவும் இல்லை.

"அவங்க புருஷன் எங்க?" என்று கேட்டார்.

"கேட்டோம் மேடம். பின்பக்கம் கையைக் காட்டறாங்க. அங்க... பெரிய ஐஸ்க்ரீம் ஃப்ரீசர் ஒண்ணு ஓடிட்டு இருக்கு. மேல பூட்டு."

"உடைங்க."

இரும்பு நெளியும் சத்தம். அட்டைப் பெட்டிகள் சரிகிற சத்தம். பிறகு யாரோ வெளியே ஓடிப்போய் வாந்தியெடுக்கும் சத்தம்.

"அடியில இருக்கார் மேடம்... உறைஞ்சு கிடக்கார். மேல கனமா பனி மூடியிருக்கு, ரொம்ப நாள் ஆயிருக்கும்."

கண்ணாடிக்காரரின் அழுகை பாதியில் நின்றது.

"இல்லை... அவர் இப்பதானே... 'ஐயோ, இங்க குழியா'ன்னு..."

"அது உங்க தங்கச்சி எழுதினது," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு திரையும் ஒரே ஆள் முன்னாடி இருக்குன்னு நீங்க நிரூபிச்சீங்க. எந்த ஆள்னு நிரூபிக்கலை. நானும் கேக்கலை. நம்ம ரெண்டு பேருமே செத்தது பொண்ணுதான்னு முடிவு பண்ணிட்டோம்!"

"ஏன்? அவ எதுக்கு அவரா ஆடணும்?"

"அவர் உயிரோட இருக்கார்னு சாட்சி வேணுமே! வாராவாரம் ஆட வந்தார், நீங்களும் டெய்லரும் பார்த்தீங்க. உங்க தங்கச்சியோ பன்னெண்டு நாளா ஊர்லயே இல்லைன்னு கணக்கு. இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு, ஐஸ்ல வெச்சதால எப்ப செத்தார்னே தெரியாத பிணம் எங்கேயாவது கிடைச்சிருந்தா, நான் அவங்களைக் கூப்பிட்டு அனுதாபம் சொல்லியிருப்பேன்."

நல்ல திட்டம். பிசகில்லாத திட்டம். நடுவில் ஒரு பாசமுள்ள அண்ணன் புகாமல் இருந்திருந்தால்!

"மேடம், அண்ணன்கிட்ட பேசணும்னு கேக்கறாங்க."

"கொடுங்க."

போனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல். பன்னிரண்டு நாளாக அவர் கேட்க ஏங்கிய குரல்.

"அண்ணா..."

"ஏம்மா... என்னம்மா இப்படிப் பண்ணிட்ட..."

"அன்னிக்கு அவர் கையில வெந்நீர்ப் பாத்திரம் இருந்துச்சு. என் கையில ஐஸ் உடைக்கற சுத்தியல் இருந்துச்சு. அவ்வளவுதான்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? நான் ஓடி வந்திருப்பேனே!"

"நாலு மாசம் முன்னாடி நேர்லயே வந்தேனே அண்ணா. பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுத்த."

அவர் மேசையிலிருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னைக் கண்டுபிடிக்கணும்னு இவ்வளவு யோசிச்சிருக்க. சந்தோஷம்தான்," என்றாள் அவள். அழவில்லை. "அதுல கொஞ்சத்தை அன்னிக்கு யோசிச்சிருக்கலாம்."

போன் கை மாறியது. இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் ஒரு நொடி நின்றார்.

"நல்ல வக்கீலா பாருங்க. அந்த முழங்கையைப் பத்தி நீங்க கோர்ட்ல வந்து சொன்னா அவங்களுக்கு உதவும். அனுப்பி வெச்சதையும் சேர்த்துச் சொல்லணும். வெக்கமாத்தான் இருக்கும். சொல்லுங்க!"

படிகளில் அவர் காலடி இறங்கி மறைந்தது.

கண்ணாடிக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் சாம்பல் நிற வட்டங்கள் இரண்டு. இரண்டுக்கும் கீழே ஒரே வாசகம்: 'இந்தப் பாத்திரம் இப்போது யார் கையிலும் இல்லை.'

ஸ்பீக்கர் கரகரத்தது. மைக் மூடியிருந்ததால் இந்தப் பக்கம் நடந்த எதுவும் தெரியாத டெய்லர், கொட்டாவி விட்டபடி கேட்டார்.

"என்னப்பா, யாரையும் காணோம்? புருஷனும் பொண்டாட்டியும் ஒரே நேரத்துல காலி! கரண்ட் போச்சா? சரி, ஆட்டத்தை நிறுத்தாதீங்க... அந்த ரெண்டு பாத்திரத்தையும் என் கைக்கு மாத்தி விடுங்க. ஒரே ஆள் ரெண்டு பேரையும் ஆடினா யாருக்குய்யா தெரியப் போகுது!"