முப்பதில் பன்னிரண்டு

பாமசியில் கட்டித் தந்த கடதாசி உறைக்குள் பன்னிரண்டு குளிசைகள்தான் கிடந்தன. அம்மா சாமி விளக்குக் கொளுத்துகிற நேரம் பார்த்து, ஃபிரிட்ஜுக்கு மேலிருந்து உறையை எடுத்து வந்த சாமினி, கட்டிலில் கொட்டி இன்னொரு தரம் எண்ணினாள். வாங்கியது முப்பது. நாளுக்கு ஒன்றாக ஆறு நாள் போட்டாயிற்று. இருபத்துநான்கு இருக்க வேண்டும். சனியனே, இந்தக் கணக்கைப் பிழைவிடுகிற அளவுக்கா அவளுக்கு மூளை கலங்கிவிட்டது?

கலங்கியதா இல்லையா என்றுதான் நான்கு வருடமாக மூன்று டொக்டர்மார் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் மனச்சோர்வு என்றார்கள். அந்தக் குளிசைக்கு உடம்பு ஊதியது. பிறகு, இல்லையில்லை, பைபோலர் என்றார்கள். அதற்குத் தந்த குளிசைக்குக் கை நடுங்கி, கம்பஸ் வகுப்பில் பேனை பிடிக்க முடியவில்லை. இப்போதைய டொக்டர் வருத்தத்தின் பெயரை வாயால் சொல்லவேயில்லை, துண்டில் எழுதி மடித்து அம்மாவிடம் நீட்டினார். இவருடைய குளிசைக்கு நாக்குத் தடிக்கிறது. நாளை மறுபடி அவரிடம் போக வேண்டும். அவளுக்கு மட்டும் கேட்கிற அந்தச் சத்தம் நின்றுவிட்டதென்றால் கம்பஸுக்குத் திரும்பலாம். இன்னும் கேட்கிறதென்றால் வார்ட்டில் போட்டுவிடுவார்கள்.

வெள்ளவத்தையின் அந்த மூன்றாம் மாடி வீட்டில், கடற்கரையோரம் ரயில் போய், ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கி, காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தம் கொஞ்சம் ஓய்கிற இடைவெளியில், கடல் ஈரமும் பூச்சி உருண்டையும் சேர்ந்து மணக்கிற அவளது அறை அலுமாரிக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமுவார்கள். கதைக்கத் தொடங்குகிறவர்கள் செருமுவார்களே, அப்படி. இதுவரை கதைத்ததில்லை. இப்போது கதைக்கும், இப்போது கதைக்கும் என்று காத்திருப்பதுதான் அவளைக் கொன்றது. அலுமாரித் திறப்பும் வாசல் கிறில் கதவின் திறப்பும் ஒரே சாவி வளையத்தில், அம்மாவின் இடுப்பில் தொங்கின.

"என்னத்தை எண்ணுறாய்?" அம்மா அறை வாசலில் நின்றாள்.

"ஆறுதான் போட்டனான். பன்னிரண்டு கிடக்கு."

"கூடப் போட்டிருப்பாய்."

"நீங்கள்தானே அம்மா கையிலை தாறனீங்கள்! நான் எங்கையிருந்து கூடப் போடுறது?"

அம்மா குளிசைகளைக் கூட்டி அள்ளினாள்.

மூன்று டொக்டர்மாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா? மூன்று தடவையும் அம்மா சொன்னது ஒன்றுதான்: "எங்கட பக்கத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை, டொக்டர்." அண்ணனுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். சாதகம் கொடுத்த இடத்தில் காதில் விழுந்தால் எல்லாம் முடிந்தது. சாமினிக்கு அது விளங்கும். ஆனாலும் அம்மா ஏன் அந்தக் கேள்வி முடியமுதலே பதில் சொல்கிறாள் என்பதுதான் விளங்கியதில்லை.

ரயில் போனது. கண்ணாடிகள் அதிர்ந்தன. அடங்கின.

அலுமாரியைப் பார்க்கப் பயந்து சாமினி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருமல்.

அம்மாவின் தலை அலுமாரிப் பக்கம் திரும்பியது.

"அம்மா. உங்களுக்கும் கேக்குது."

"வாயைத் திற."

"கேக்குதெல்லோ!"

"பிள்ளை, வாயைத் திற."

நாக்கில் கசப்பு. தண்ணீர். அம்மா இன்னொரு குளிசையை எடுத்துத் தன் வாயில் போட்டு, தண்ணீரில்லாமல் விழுங்கினாள். நெடுநாள் பழக்கம்.

சாமினிக்கு அழுகை முட்டியது. முதலில் நிம்மதிதான். ஐயோ, நான்கு வருடம். நான் மட்டுமில்லை, நான் மட்டுமில்லை.

பிறகு கணக்கு வந்தது. அவளுக்கு ஆறு. அம்மாவுக்கு ஆறு.

பதினெட்டு இருக்க வேண்டும்.

அம்மா ஒரு கையால் அவளது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி நிலத்தில் முழங்காலிட்டாள்.

"நாளைக்கு டொக்டரிட்டை ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லு. என்ன? நானும் அப்பிடித்தான் சொன்னனான்."

"விடுங்கோ அம்மா. திறப்பைத் தாங்கோ."

அம்மா விடவில்லை. மற்றக் கையால் மூன்றாவது குளிசையை நிலத்தில் வைத்தாள். வெள்ளையாக, சின்னதாக. சுட்டு விரலால் மெல்லத் தள்ளினாள். அலுமாரிக் கதவின் கீழ் இடுக்கு வரை. அதற்கும் உள்ளே.

மூடிய கதவுக்குப் பின்னால், தண்ணீரில்லாமல், ஒரு தொண்டை விழுங்கியது.