கின்னரிக்காரர்

சட்டைக்குள்ளிருந்து பாட்டு கேட்டால் எந்தப் பெண்தான் திரும்பிப் பார்க்காமல் இருப்பாள்? மயிலாத்தாளும் திரும்பித்தான் பார்த்தாள்.

அவிநாசித் தேர் முடிந்த மறுநாள் அது. சித்திரை வெயிலைக் கலைத்துக்கொண்டு திடீரென்று ஒரு மழை... பஸ் ஸ்டாண்டுத் தகரக் கொட்டகைக்குள் ஊரே ஒண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்த ஒருவன் அவள் காலை நன்றாக மிதித்துவிட்டு, நெஞ்சோடு எதையோ அணைத்தபடி நின்றான். அணைத்த வேகத்தில் பொத்தான் திரும்பிவிட்டது போலிருக்கிறது. அவன் சட்டைக்குள் ஒரு பெண் குரல் உருகி உருகிப் பாட ஆரம்பித்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினான். பாட்டு கூடியதே தவிரக் குறையவில்லை.

மயிலா சிரித்துவிட்டாள். கால்வலி போன இடம் தெரியவில்லை. அவன் நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி, முகமெல்லாம் அசடு, கண்கள் மட்டும் கெட்டிக்காரக் கண்கள். அவள் ஒரு நிமிஷம் கூடுதலாகவே பார்த்துவிட்டாள்.

ஆனால் அவன் வெளியே எடுத்த பொருளைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது. பம்பாய்க் கம்பெனி டிரான்சிஸ்டர்! அவள் அப்பா சென்னியப்பன் திருப்பூரில் கின்னரி ரேடியோவுக்கு ஏஜென்ட். ரேடியோ என்றாலே கின்னரிதான் என்று ஜனங்கள் சொன்ன காலத்தில் கடை போட்டவர். கையடக்கமான இந்தப் பம்பாய்ச் சாமானைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அப்பாவுக்கு ஆகாதது மகளுக்கு மட்டும் ஆகிவிடுமா?

"ஏனுங்க, காசு குடுத்து வாங்கறது ரேடியோவாப் பாத்து வாங்கக் கூடாதுங்களா?"

"இதுவும் ரேடியோதானுங்க அம்மிணி."

"ரேடியோன்னா கின்னரிங்க. இது சோப்பு டப்பா."

அவன் ஏதோ சொல்ல வந்தான்... பிறகு என்ன நினைத்தானோ, வாயை மூடிக்கொண்டான். பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்து வைத்தான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பலாம், காதை என்ன செய்வது? கரண்டும் இல்லை, கம்பியும் இல்லை. ஆடி ஆடி ஓடும் பஸ்ஸில் திருப்பூர் வரைக்கும் அது பாடிக்கொண்டே வந்தது. நன்றாக இருந்தது என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் அவன் கடைக்கே வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டையோடு, தோளில் தோல் பையோடு. சென்னியப்பன் எழுந்து நின்று வரவேற்றார். பெயர் தண்டாயுதபாணி, ஊர் மடத்துக்குளம், கின்னரி கம்பெனியின் புதுப் பிரதிநிதி!

துடைத்துக்கொண்டிருந்த ரேடியோவை மயிலா கீழே போடாமல் இருந்ததே பெரிய காரியம். கின்னரிக்காரர் மடியில் பம்பாய் டிரான்சிஸ்டரா? அப்பா காபி சொல்ல உள்ளே போன சமயம் கேட்டேவிட்டாள். எதிராளி என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, அதைப் பிரித்துப் பார்க்கத்தான் வாங்கினேன் என்றான் அவன். பிரித்துப் பார்த்தீர்களா என்றாள். பார்த்தேன் என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

அதன் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்தான். அவன் வருகிற நாளில் அவள் தலையில் பூ கொஞ்சம் அதிகமாக இருந்தது. கடை ரேடியோக்களுக்குத் துடைப்பும் கொஞ்சம் அதிகமாகக் கிடைத்தது. கின்னரிக்காரர் என்றே அவனைக் கூப்பிட்டாள். ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று அவன் கேட்டதற்கு, அவ்வளவு நீளப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்களே என்றாள். அப்பா காதில் இதெல்லாம் விழாமல் இருக்குமா? விழுந்தது. அவருக்கும் பையனைப் பிடித்துப் போயிற்று. நம்ம ஜனம், நம்ம கம்பெனி. வைகாசிச் சரக்கு வந்து இறங்கட்டும், ஜாதகம் கேட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். மயிலா அன்று சோறு சாப்பிட மறந்தாள்.

வைகாசிச் சரக்குதான் வினையாக வந்தது. கல்யாண மாசத்தில் சீருக்கு ரேடியோ வைப்பது அப்போது கௌரவம். கடை கொள்ளாமல் எடுக்கச் சொல்லி கம்பெனி எல்லா ஏஜென்டுகளையும் நெருக்கியது. பணம் முன்னால் கட்ட வேண்டும், எடுத்த சரக்கு திரும்பாது. மயிலாவின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த நகையை விற்றுக் கட்டுவதாக அப்பா முடிவு செய்திருந்தார். அந்த ஆர்டரை வாங்கி வரத்தான் தண்டாயுதபாணியை அனுப்பியிருந்தார்கள்.

அன்று அவன் உள்ளே வராமல் வாசலிலேயே தயங்கி நின்றான். அப்பா கடைவீதிக்குப் போயிருந்தார்.

"மயிலா... கம்பெனி பின்னால போயிட்டுதுங்க. வருசா வருசம் பெட்டிக்குத்தான் புது வார்னிஷ் அடிக்கறோம். உள்ள அதே கண்ணாடி வால்வு, அதே சூடு, கரண்டு இல்லீன்னா ஊமை. பம்பாய்க்காரன் எங்கியோ போயிட்டான். மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், வாயத் தெறக்க மாட்டாங்க. இந்தச் சரக்கு விக்காதுங்க."

மயிலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதை அப்பாவிடம் சொன்னால் இவனுக்கு வேலை போகும். கின்னரியைக் குறை சொன்னவனுக்கு அப்பா பெண் கொடுப்பாரா, ஜாதகப் பேச்சும் போகும். சொல்லாவிட்டால் நகை போகும், கடை போகும்... ஆனால் இவன் கிடைப்பான். தாலி கட்டிய பிறகு அப்பா நொடித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு இவனுக்குச் சோறு போட முடியுமா? அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்டச் சொல்லீருங்க" என்றாள்.

"சொன்னா அதோட முடிஞ்சுதுங்க."

"தெரியுமுங்க. சொல்லீருங்க."

அப்பா கடைவீதியிலிருந்து வந்ததும் சொன்னான். சென்னியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, பம்பாய்க்காரன் உனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் தோல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். மயிலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் அங்கேயே உடைந்திருப்பாள். அப்பா அன்றே கம்பெனியின் கோயமுத்தூர் ஆபீசுக்கு ஆள் அனுப்பி ஆர்டரும் கொடுத்தார், அவனைப் பற்றிப் புகாரும் கொடுத்தார். நகை போயிற்று. வேலையும் போயிற்று.

வைகாசி வந்தது. சரக்கும் வந்தது. கூடவே பவர் கட்டும் வந்தது. பைகாரா அணையில் தண்ணீர் இல்லையாம், சாயங்காலமானால் கரண்டு கிடையாது. பனியன் கம்பெனிகளில் மிஷின் நின்று ஆட்கள் வேளையோடு வீடு திரும்பினார்கள். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு அவர்கள் சென்னியப்பன் கடை வாசலில்தான் நின்று செய்தி கேட்பார்கள். தெருவே நிற்கும். அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு ராஜ களை.

இப்போது கூட்டம் எதிர்ச்சாரியில் கிட்டுசாமி டீக்கடையில் நின்றது. பெஞ்சின் மேல் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சுவர் முட்ட அடுக்கிய கின்னரிப் பெட்டிகளுக்கு நடுவே, இருட்டில், அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை கனைத்தார். தெருவில் யாரும் திரும்பவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவன் பிரிந்து தெருவைக் கடந்து வந்தான். தண்டாயுதபாணிதான். இளைத்திருந்தான். சட்டையில் இஸ்திரி இல்லை. ஒரு பனியன் கம்பெனியில் மோட்டார் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். பகலில் கரண்டு இருக்கும் ஊர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுபோய்க் காட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக விற்கலாம், கூலி ஒன்றும் வேண்டாம் என்றான்.

"எதுக்கு தம்பி? நாந்தான் உன்ற பொழப்பையே கெடுத்தேனே. உனக்கு என்ன வேணும்?"

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா. உங்க மகள எனக்குப் புடிச்சிருக்குதுங்க. அவங்க அப்பா இருட்டுல உக்காந்திருக்கறத ரோட்டுக்கு அக்கட்டால நின்னு பாத்துட்டிருக்க என்னால முடியலீங்க."

சென்னியப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ வாய மூடீட்டு இருந்திருந்தா, இன்னேரம் இந்தப் புள்ளைய உனக்கே குடுத்திருப்பேன் தம்பி" என்றார். குரல் பிசிறியது.

"சொல்லச் சொன்னதே நானுங்கப்பா" என்றாள் மயிலா. இத்தனை நாளும் நெஞ்சுக்குள் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. "இவரு போயிருவாருன்னு தெரிஞ்சேதான் சொல்லச் சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா இவர எனக்கு வேண்டாமுங்க. சொல்லீட்டாரு... இனி இவரில்லாம முடியாதுங்கப்பா."

இருட்டில் அப்பாவின் முகம் தெரியவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஒரு பெட்டியின் மேல் கையை வைத்தபடி சற்று நின்றார். பிறகு படியிறங்கி, தெருவில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"கடையச் சாத்தீட்டு வாங்க. ரெண்டு பேரும். ஊட்ல சோறு ஆறிப்போகுது."