பேட்டரி போடாத பாட்டு

மாலை 5.10. மேசைக்கடியில் கிடந்தவனின் பின்மண்டை உடைந்திருந்தது. ஒரு அடியல்ல, ஏழெட்டு. அருகில் கிடந்த சுத்தியலில் முடி ஒட்டியிருந்தது. கையடக்க கேம் கருவியில் இசையமைத்துப் பிழைத்தவன் அவன். சுவர் பிளக்கில் செருகிய கருவி மேசைமேல் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிரிக்காத பேட்டரி அட்டை.

கணினியில் கடைசிப் பதிவு 4.00 முதல் 4.20 வரை. அதுவரை ஆள் உயிரோடிருந்தான் என்று ஏட்டு எழுதிக்கொண்டார். 4.30க்கு உள்ளே போனவன் மனைவியின் தம்பி. முந்தின நாள்தான் அக்கா புருஷனோடு கைகலப்பு. சட்டையெல்லாம் ரத்தம். தூக்கிப் பார்த்தேன் என்று அவன் சொன்னதை ஸ்டேஷனில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு மணிக்குள் இரண்டு பற்கள் போயின.

இறந்தவனின் அண்ணன் ஒலிப்பதிவாளர். மூன்றரைக்கே இந்த வீட்டிலிருந்து கிளம்பி நாடக அரங்குக்குப் போய்விட்டார். அங்கே முப்பது பேர் சாட்சி.

6.20. கொலை நடந்த அறையில் இன்ஸ்பெக்டரம்மா அந்தப் பதிவைப் போட்டார். மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

"இது அவர் பதிவு பண்ணது இல்ல மேடம். இந்தக் கீச்சு சத்தத்த அவரு ஒரு நொடிகூட விடமாட்டாரு."

சுவர் மின்சாரத்தில் ஓட்டினால் பாட்டுக்குள் ஒரு மெல்லிய கீச்சு நுழைந்துவிடுமாம். அதனால் பதிவுக்குப் பதிவு புது பேட்டரி. திரை விளக்கையும் அணைத்துவிடுவான். ஃபிரிட்ஜைக்கூட நிறுத்தச் சொல்லி உயிரை வாங்குவானாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் உடைந்து அழுதாள்.

இன்ஸ்பெக்டரம்மா அண்ணனை வரவழைத்து, பழைய பதிவு ஒன்றையும் இன்றையதையும் போட்டுக் காட்டினார். எது சுத்தம் என்று கேட்டார்.

"ரெண்டும் சுத்தம்தான்" என்றார் அவர். இன்றையதைக் கேட்டு மற்ற எல்லோர் முகமும் சுளித்திருந்தது.

"நீங்கதான் கொன்னீங்க. மூணரைக்கு முன்னாடியே."

நேரம் குறித்துவைத்தால் கணினி தானே பதிவைத் தொடங்கி நிறுத்தும்; கருவி அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். நடுவில் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று பிளக்கில் செருகியிருக்கிறார். நாலு மணி என்ற அந்தப் பொய் அவருக்குக் கேடயம், தம்பியின் மச்சினனுக்குத் தூக்குக்கயிறு. முப்பது வருடம் ஒலிபெருக்கிப் பக்கத்திலேயே நின்ற காதுக்கு அந்தக் கீச்சு எட்டவில்லை.

அவர் நாற்காலியைத் தூக்கி ஸ்பீக்கரை நொறுக்கினார். தடுத்த ஏட்டின் நெற்றி பிளந்தது. மூன்று பேர் சேர்ந்து தரையில் அழுத்தினார்கள்.

"'உன் காது செத்துப்போச்சு, என் பாட்டத் தொடாதே'ன்னான். பொறாமையில பேசுறான்னு நெனச்சேன்."

மனைவி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"என் தம்பிய விடச் சொல்லுங்க மேடம்."

இன்ஸ்பெக்டரம்மா ஸ்டேஷனுக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. எல்லோரும் உள்ளறையில் அவனை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.