கடுகு மூடிய குழி

கடுகு குழியை மூடிக்கொண்டிருந்தது.

சமையலறைக் கண்ணாடிக் கதவருகே நின்று பார்த்தவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டின் பின்சுவர் மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு துளை. அதன் முன்னால் நான்கு கால்களையும் ஊன்றி நின்று, அவள் நாய் கடுகு மூக்கால் மண்ணை உள்ளே தள்ளியது, தள்ளிவிட்டுக் காதை விடைத்துக் கேட்டது, மறுபடி தள்ளியது. தாடி முழுக்க மண். நாய் எலும்பைப் புதைப்பதில் அதிசயமில்லை. ஆனால் புதைக்கிற நாயிடம் ஒரு கள்ளத்தனம் இருக்கும், யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் நோட்டம் விடும். கடுகு அந்தத் துளையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. எந்நேரமும் விறைத்து நிற்கும் அதன் குட்டை வால் துவண்டு கிடந்தது.

நாய்களைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புதிதாகக் குடிவந்த இந்த வீட்டின் முன்னறையில்தான் அவள் தொழில் நடக்கிறது. நாய்களைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, முடி திருத்தி அனுப்புவாள். தெருவுக்கே அவள் நாய்க்கார அக்கா. வந்து போகிறவற்றில் சாதுவும் உண்டு, சண்டியரும் உண்டு. ஆனால் கடுகைப் போன்ற டெரியர் என்றால் அவளுக்கு உயிர். மண்ணுக்குள் இறங்குவதற்கென்றே மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த இனம். அந்தப் பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நரி பதுங்கிய வளைக்குள் தன்னந்தனியாக நுழைந்து, திரும்பக்கூட இடமில்லாத இருட்டில், தன்னைவிடப் பெரிய மிருகத்தின் மூஞ்சிக்கு நேரே நின்று குரைக்க வேண்டும். அதுதான் அதன் உத்தியோகம். மேலே நிற்கிறவர்கள் அந்தக் குரைப்பைக் காதால் பின்தொடர்வார்கள். அது ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் அங்கே மண்வெட்டியைப் போடுவார்கள். குரைக்கிற இடத்தைத் தோண்டு என்பது அந்த வேட்டைக்காரர்களின் சட்டம்.

அப்பேர்ப்பட்ட வம்சத்தில் பிறந்தது குழியை மூடுகிறது!

"உன் வீரன் என்ன பண்றான்?" என்று சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். காலையில் போனால் பொழுது சாய்கிற நேரத்தில்தான் வருவான்.

"குழியை மூடுறான்."

"பரவாயில்லையே, வீட்டுல ஒருத்தனுக்காவது கொத்தனார் வேலை தெரிஞ்சிருக்கு."

அவள் இடுப்பிலிருந்த மகள் பொம்மி விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு வயது. அப்பா எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு.

அன்று மதியம் வாடிக்கையாளர்கள் யாரும் இல்லாததால் கடுகை மேசைமேல் ஏற்றினாள். அதன் கம்பி முடியைக் கத்தரிக்கக் கூடாது. கத்தரித்தால் பஞ்சாகி நிறம் வெளுத்துவிடும். முதிர்ந்த முடியை இரண்டு விரலால் பற்றி, வளரும் போக்கிலேயே சின்னச் சின்னதாகப் பறிக்க வேண்டும். பழகிய நாய் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்ளும். கடுகு மூடவில்லை. அது தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பறிக்கப் பறிக்க முடிக்கடியிலிருந்து மண் உதிர்ந்தது. வெளுத்த மண், முகப்பவுடர் போல நைசாக, பொட்டு ஈரம் இல்லாமல். வாரம் முழுக்க மழை பெய்து வாசலெல்லாம் சேறாய்க் கிடக்கிறது, இதற்கு மட்டும் இந்தக் காய்ந்த மண் எங்கிருந்து கிடைத்தது? விரலை முகர்ந்து பார்த்தாள். வெகுகாலம் பூட்டிக்கிடந்த அறையின் வாடை. அவளுக்கு என்னவோ போலிருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வீடு மாறிய ஏக்கம் என்றுதான் முடிவுகட்டினாள். தோண்ட வழியில்லாத டெரியர் கெட்டுப்போகும்: கதவைக் கடிக்கும், தன் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கும். அதற்குத் தோண்ட இடம் கொடுங்கள், மற்றது தானாகச் சரியாகும் என்று எத்தனையோ பேருக்கு அவளே வைத்தியம் சொல்லியிருக்கிறாள். ஆகவே சின்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்த் துளையைத் திறந்து, கடுகின் ரப்பர் பந்தை உள்ளே உருட்டிவிட்டாள். மறுநாள் பார்த்தால் துளை மூடியிருந்தது. மறுபடி திறந்தாள். கடுகு மறுபடி மூடியது. இந்த முறை கற்களை வாயில் கவ்வி வந்து அடைத்திருந்தது. மூக்கின் தோல் உரிந்து சதை தெரிந்தது. அவளும் விடவில்லை. பிடிவாதத்தில் நாய்க்கு அவள் சளைத்தவளில்லை.

கடைசியாக ஒரு மழைநாள் பிற்பகலில் கற்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடுகைத் துளைக்கு முன்னால் நிறுத்தி, முதுகில் தட்டினாள்.

"போடா கண்ணா. போ, பிடி!"

கடுகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வையை அவள் பிறகு நினைத்து நினைத்துக் குமைந்தாள். நிஜமாகவா சொல்கிறாய் என்று கேட்ட மாதிரி இருந்தது. "போ" என்றாள் திரும்பவும். அதன் நெஞ்சை இரண்டு கைக்குள் அடக்கிவிடலாம், துளையும் அவ்வளவுதான். தலை போயிற்று, தோள் போயிற்று, மண்ணைச் சீய்த்துக்கொண்டு பின்னங்கால்களும் போயின. சொன்னால் போகும். அந்த இனத்தின் பெருமையும் அதுதான், சாபமும் அதுதான்.

உள்ளே வந்து சமையலறையில் நின்று கேட்டாள். பலகை பாவிய தரை. அதற்கடியில் ஓர் ஆள் தவழ்கிற உயரத்துக்கு வெற்றிடம். குரைப்பு முதலில் சுவரோரம் கேட்டது, பிறகு அடுப்புக்கு அடியில், பிறகு பொம்மியின் படுக்கையறைப் பக்கம். கடைசியில் திரும்பி வந்து, சமையலறையின் நட்டநடுவில், அவள் பாதங்களுக்கு நேர் கீழே நிலைத்தது. வவ். வவ். வவ். சீராக, நகராமல். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கேட்டியா பாப்பா? பெருச்சாளியை மடக்கிட்டான்!"

பொம்மி கதவுப் பக்கம் விரலை நீட்டினாள்.

கதவின் அடியில் நாய்க்கென்று வைத்த மடக்குத் தட்டியைத் தள்ளிக்கொண்டு கடுகு உள்ளே வந்துகொண்டிருந்தது. வெள்ளை மண்ணில் புரண்ட உடம்பு. சத்தமே இல்லை. நேராக அவளிடம் வந்து முழங்காலில் தலையை முட்டி, அந்த இடத்தைவிட்டு அவளைப் பின்னால் தள்ளியது. அதன் உடம்பு நடுங்கியது அவள் எலும்பு வரை தெரிந்தது.

தரைக்குக் கீழே குரைப்பு நிற்கவில்லை.

அதே குரல். கடைசியில் லேசாகக் கரகரக்கும் அதே கடுகின் குரல். அவள் குனிந்து நாயின் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. பொம்மியை வாரி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். கடுகு கூட வந்து, அவர்களுக்கும் சமையலறைக்கும் நடுவில் குறுக்காகப் படுத்துக்கொண்டது.

கணவன் வரும்போது மழை விட்டிருந்தது. ஜன்னலில் மங்கலான வெளிச்சம் மிச்சமிருந்தது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். சிரிக்கத்தான் வாயெடுத்தான். அதற்குள் கீழேயிருந்து அது குரைத்தது. அவன் காலடியிலிருந்த கடுகைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"வேற ஏதோ நாய். பாவம், உள்ள மாட்டிக்கிச்சு."

"நாய் இல்லைங்க. கடுகு குரல் எனக்குத் தெரியாதா?"

"எல்லா நாயும் குரைச்சா ஒரே மாதிரிதான் இருக்கும்."

"இருக்காது. வேண்டாங்க. காலையில ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாம்."

"காலை வரைக்கும் இப்படிக் கத்தவிடறதா? லிஃப்ட் குழியில இறங்குறவனுக்கு இதெல்லாம் ஒரு ஆழமா?"

கல்நெஞ்சனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ. தெருவில் அடிபட்ட காக்கையைக்கூடச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறவன். கடப்பாரையால் நெம்பி இரண்டு பலகைகளை எடுத்தான். கீழேயிருந்து அந்த வாடை வந்தது, பூட்டிய அறையின் வாடை. குரைப்பு சட்டென்று குழைந்து, முனகலாக மாறியது. "பார்த்தியா, ஆள் வந்ததும் அழுவுது" என்று சொல்லி, டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். கடுகு அவன் காற்சட்டையின் நுனியைக் கவ்வி இழுத்தது. அவன் செல்லமாக அதன் தலையைத் தள்ளிவிட்டான்.

பலகைகளின் இடுக்கில் வெளிச்சக் கீற்று நகர்ந்து போவது தெரிந்தது. அவன் முழங்கைகள் மண்ணில் உரசும் சத்தம். "ஒண்ணும் காணோமே" என்ற குரல், கொஞ்ச தூரத்திலிருந்து. மறுபடி உரசல். "ஏய், இங்க வந்து..." என்று எதற்கோ சொன்னான்.

வெளிச்சம் அணைந்தது.

"என்னங்க?"

முனகல் இல்லை. உரசல் இல்லை. குழாயில் சொட்டும் தண்ணீர்கூட அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

"என்னங்க, பதில் சொல்லுங்க!"

வவ்.

திறந்த பலகைக்கு மிக அருகில். அவள் முகத்துக்கு நேர் கீழே. இருட்டிலிருந்து, பொறுமையாக. வவ். இன்னும் அருகில். ஏறி வருகிறது. அவளுக்கு யோசிக்க நேரமில்லை. பொம்மி பின்னால் நிற்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. பலகைகளை இழுத்துப் போட்டாள். முன்னறையிலிருந்து தன் தொழில் மேசையை, இரும்புக் கால் மேசையை, மூச்சு முட்ட இழுத்து வந்து அதன்மேல் நிறுத்தினாள். எங்கிருந்துதான் அத்தனை பலம் வந்ததோ. நிறுத்திய பிறகுதான் உறைத்தது. அவன் உள்ளே இருக்கிறான். ஐயோ, அவன் உள்ளே இருக்கிறான்.

"அப்பா" என்றாள் பொம்மி.

குழந்தை கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே, பின்சுவர்த் துளையின் பக்கத்தில், மங்கிய வெளிச்சத்தில் அவன் நின்றான். அதே சட்டை. தலை முதல் கால் வரை வெள்ளை மண்.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாகக் கதவுக்கு ஓடி, கொண்டியில் கை வைத்தாள். "எப்படிங்க வெளிய..." என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. தரைக்கடியிலிருந்து பின்புறம் வர வேறு வழி கிடையாது. கடுகு மட்டுமே நுழையக்கூடிய அந்தத் துளை ஒன்றுதான்.

"ஒண்ணுமில்ல. எலி" என்றான் அவன். "கதவைத் திற."

குரல் அவனுடையதுதான். கண் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. பொம்மியைப் பார்த்தது.

தட்டியைத் தள்ளிக்கொண்டு கடுகு பாய்ந்தது. ஓர் உறுமல் இல்லை, எச்சரிக்கை இல்லை. அவன் மணிக்கட்டைக் கவ்வியது. கவ்வினால் விடாத இனம். பல் எலும்பில் இறங்கியிருக்க வேண்டும். அவன் கத்தவில்லை. கையை மெல்ல உயர்த்தினான். கடுகு தரையை விட்டு எழும்பித் தொங்கியது. கடிபட்ட இடத்திலிருந்து ரத்தம் வரவில்லை. வெளுத்த மண் உதிர்ந்தது. மெல்லிய தாரையாக, சரசரவென்று, நிற்காமல்.

"கதவைத் திற" என்றான், அதே தொனியில்.

கொண்டியிலிருந்து அவள் கை தானாக விலகியது.

அப்போது காலடியில் தட்டிற்று. மேசைக்குக் கீழே, பலகைக்குக் கீழே. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

"நான்தான்." மூச்சு வாங்கிய குரல். "டார்ச் விழுந்துடுச்சு. இங்க என்னவோ இருக்கு. திறம்மா, சீக்கிரம் திற!"

அவள் மேசையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். எது? கடுகின் குரலைக் கற்றுக்கொண்டதற்கு அவன் குரல் எம்மாத்திரம்? இல்லை, அவனேதானா? தன் கையாலேயே அவன் தலைக்குமேல் மேசையை இழுத்துப் போட்டாளா? தட்டல் அடியாக மாறியது. இரும்பு மேசை அதிர்ந்தது. கத்தரியும் சீப்பும் தரையில் சிதறின.

"அம்மா" என்றாள் பொம்மி, ரொம்பச் சாதாரணமாக. "எந்த அப்பாவுக்கு முதல்ல திறக்கணும்?"

அவளால் அசைய முடியவில்லை. கீழே அவன் அவள் பெயரைச் சொல்லி அழத் தொடங்கியிருந்தான். வெளியே கடுகு கண்களை இறுக மூடிக்கொண்டு, தாடையைத் தளர்த்தாமல் தொங்கியது. அந்த மற்றவன் இன்னொரு கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தான். பொம்மி கதவருகே போய், குதிகாலை உயர்த்தி, தன் சின்ன உள்ளங்கையை அதற்கு நேராக வைத்தாள்.