ஏழு நிமிட அனுமதி

ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு நான்கு பேர் வாத்தியங்களோடு பெரம்பூரில் ஞானசிகாமணியின் வீட்டுக்குப் போவார்கள். எஸ்தர் வயோலா, செல்லையா செல்லோ, மற்ற இருவரும் வயலின். ஒரு மணி நேரம் வாசிப்பார்கள். தாங்கள் வாசிப்பதில் ஒரு சுரம்கூட அவர்கள் காதில் விழாது.

நகரத்தில் எல்லோர் காதிலும் செவித்திரை இருந்தது. 'வாதை ஒலி' என்று ஒலி வாரியம் பட்டியலிட்ட எதையும் அது உள்ளே விடாது. ஹாரன், நாய்க்குரைப்பு, அழுகை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பட்டியலில் ஞானசிகாமணியின் 'குவாரி'யும் சேர்ந்தது. கல்லுடைக்கும் தகப்பனுக்குப் பிறந்தவர், பாறை பிளக்கும் ஓசையை நான்கு வில்களுக்காக எழுதியிருந்தார். உலகமெங்கும் இசைக் கல்லூரிகளில் அதைத் தாளில் படித்தார்கள். நகரத்தில் அதைக் கேட்க முடிந்தவர் அவர் ஒருவர்தான். பழைய அறுவை சிகிச்சை ஒன்றால் அவர் காதில் திரை பொருத்த முடியவில்லை.

இந்த ஞாயிறு அவர்கள் போனபோது, கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவர் கிடந்தார். அவர் மனைவி ரத்தினாவதி வாய் திறந்து அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை.

மாலை வைக்க வந்தவர்களில் ஒலி வாரிய அதிகாரி நசீமாவும் இருந்தார். எஸ்தர் அவரை ஓரமாக அழைத்தார்.

"இந்த வீட்டுக்கு மட்டும் திரையைத் திறந்து விடுங்க மேடம். ஒரே ஒரு தடவை."

"என் வேலை போயிடும்மா."

"அவர் எழுதினதைப் படிச்சுத்தானே நீங்களும் பட்டம் வாங்கினீங்க?"

நசீமா பெட்டியையே பார்த்தபடி நின்றார். "ஏழு நிமிஷம். அதுக்கப்புறம் தானா மூடிக்கும். என் கையில இல்ல."

திரை திறந்ததும் முதலில் கேட்டது ரத்தினாவதியின் கேவல். பிறகு வாசித்தார்கள்.

அது 'குவாரி' இல்லை. வயலின்கள் இரண்டும் முந்தி ஓடின. செல்லோ அரைச் சுரம் இறங்கிக் கிடந்தது. பாறையைத் துளைக்கும் இயந்திரம் போல ஏற வேண்டிய எஸ்தரின் இழுப்பு, ஈனமாக முனகியது. தடைக்கு முன் கேட்டது எஸ்தருக்கு நன்றாக நினைவிருந்தது. வில்லைத் தூக்கிவிட்டார்.

"பன்னெண்டு வருஷமா இப்படியா வாசிச்சோம்?" என்றார் செல்லையா.

ரத்தினாவதிதான் மெல்லச் சொன்னார்.

"நீங்க போனதும் போய்ப் படுத்துக்குவார். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் கேட்டேன், 'சொல்லித் திருத்தக் கூடாதா'ன்னு. 'காது கேக்காதவங்ககிட்ட என்னன்னு சொல்றது? சொன்னா வர்றத நிறுத்திடுவாங்க ரத்னா. அப்புறம் அதுவும் இருக்காது'ன்னார்."

எஸ்தர் நசீமாவைப் பார்த்தார். நசீமா இரண்டு விரல்களைக் காட்டினார்.

"முதல்லேருந்து," என்றார் எஸ்தர்.

இம்முறை ஒருவரையொருவர் கேட்டபடி வாசித்தார்கள். செல்லோ மேலேறிப் பாறையைத் தொட்டது. வயலின்கள் காத்திருந்தன. எங்கோ ஆழத்தில் கல் விரிவது போல ஓர் ஓசை எழுந்து கூடத்தை நிறைத்தது. நசீமா சுவரில் சாய்ந்துகொண்டார். ரத்தினாவதி கண்களை மூடி, பெட்டியின் மேல் கை வைத்திருந்தார்.

சற்று நேரத்தில் அவர் முகம் வாடியது. மூடிய கண்களைத் திறக்காமலேயே கேட்டார்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

எஸ்தரின் வில் நரம்பின் மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.