அடியில் ஓடிய எஞ்சின்!

டெலிபோன் அடித்தது.

யோகமலருக்குக் கேட்கவில்லை! காது இரண்டிலும் ஹெட்போன்.

பதுளை பஸாரில் வாஹித் நானாவின் ரேடியோ கடை. அதன் பின்னறையில் உட்கார்ந்து தவில் கேட்டுக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்கு அல்ல, வேலை! கொழும்பு ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு புது ஹெட்போன்களை ரயிலில் அனுப்பி, எதில் அடிச்சத்தம், அதாவது 'பேஸ்', ஒழுங்காக வருகிறது என்று பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தார்கள். கேட்டது அவள் கணவன் சிற்றம்பலத்தை. அவனோ ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகக் கூத்தும் பாட்டும் பதிந்து திரிகிறவன். "என்ர காதை விட உன்ர காது திறம்" என்று மனைவி தலையில் கட்டிவிட்டு நமுனுகுலைக்குப் போய்விட்டான்.

கறுப்பு ஹெட்போனில் தவிலின் வலந்தலை சுளீர் சுளீரென்று விழுந்தது. மறுபக்கத்துக் கனத்த முகம், தொப்பி...?

தகர டப்பா!

பழுப்பு ஹெட்போனை மாட்டினாள். தொப்பி வந்தது. வந்தது... போகவேயில்லை! ஓர் அடி ஓய்வதற்குள் அடுத்த அடி அதன் முதுகில் ஏறியது. வித்துவான் தொண்டையைச் செருமியதுகூட இடி மாதிரிக் கேட்டது.

அடிச்சத்தம் அதிகமாக இருந்தால் நல்லது என்று கடைக்காரர்கள்தான் சொல்வார்கள். ஒவ்வோர் அடியும் தனியாகப் பிறக்க வேண்டும். தனியாகச் சாகவும் வேண்டும்.

யாரோ ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கினார்கள். வாஹித்! முகத்தில் ரத்தமே இல்லை.

"தங்கச்சி... போன் வந்திரிக்கி. பொலிஸ்ல இருந்து."

"என்னவாம் நானா?"

"சிற்றம்பலம் தம்பி... தேயில பேக்டரியில, கொழுந்து வாட்டுற மாடியில இருந்து விழுந்து..."

"விழுந்து?"

"மவுத்தாகிட்டாராம்."

யோகமலர் அவரையே பார்த்தாள். கடை ரெக்கோடரை நிறுத்தினாள். டேப்பைப் பின்னுக்குச் சுற்றினாள். எடுத்து உறையில் போட்டாள்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான்!

கொள்ளி வைத்தார்கள். சனம் வந்தது, அழுதது, போனது. யோகமலருக்கு மட்டும் அழுகை வரவில்லை. பல் பிடுங்கப் போடுகிற ஊசியை யாரோ நெஞ்சில் போட்டுவிட்ட மாதிரி... உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுகூட ஆகவில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தங்கச்சி, ஊரு சிரிக்கும்! வீட்ட இருந்து கொஞ்சம் அழுதாத்தான் என்ன?"

"அழுகை வரேல்லை நானா. வேலை வருது. வாறதைச் செய்வம்."

வாசலில் பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டர் தாஸிம். அக்குளில் சிற்றம்பலத்தின் ரெக்கோடர்.

"மிஸிஸ் சிற்றம்பலம்... மனச தைரியமாக்கிக்கொள்ளுங்க. இது விபத்தில்ல. கொலை!"

"ஓம்."

தூக்கிவாரிப்போட்டது இன்ஸ்பெக்டருக்குத்தான்.

"ஓமா? ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியாது. சொல்லுங்கோ, கேக்கிறன்."

தாஸிம் வாஹித்தைப் பார்த்தார். வாஹித் கூரையைப் பார்த்தார்.

"செத்த பொடிக்குப் பக்கத்துல இந்த ரெக்கோடர் கிடந்திச்சி. அதுக்குள்ள இரிந்த டேப் இது."

சின்ன ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..." சிற்றம்பலத்தின் குரல்! மைக்கைத் தட்டிப் பார்க்கிறான்.

அவளுக்குள் ஏதாவது அசைந்ததா? இல்லை.

பிறகு இன்னொரு குரல். காட்டுத்தனமாக!

"ஒன் உசுர எடுக்காம இந்த எடத்த விட்டு நகர மாட்டேண்டா!"

டக்! டேப் முடிந்தது.

"யார் இது?"

"மாடசாமி. தோட்டத்துல தப்படிக்கிறவன். பேக்டரிய நடத்துற டீமேக்கர் இளையதம்பிதான் குரல அடையாளம் காட்டினார். ஒங்க ஹஸ்பண்ட் செத்தது திங்கக்கிழம காலம்பற. சாகப் போற நேரம் பதிஞ்சது இது. கோர்ட்டுல இத ஒரு தடவ போட்டாப் போதும்... தூக்குத்தான்!"

"மாடசாமி என்ன சொல்றார்?"

"ஜீப்புலதான் இரிக்கிறான். அந்த வேடிக்கையையும் கேளுங்க."

விலங்கோடு வந்த மனிதன் அவளைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தாயீ! நா கொல்லலீங்க! அது காமன் கூத்து வசனங்க! வீரபத்திரன் பேசுறது! சனிக்கிழம பேக்டரிக்குள்ள வச்சி ஐயாதாங்க பேசச் சொன்னாங்க. நல்லா கத்து மாடசாமின்னு சொல்லி, சிரிச்சாங்க தாயீ!"

"ஆர் பாத்தது?"

"கொழுந்து உருட்டுற ரோலர் ஆளுங்க தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாங்க. உள்ள நானும் ஐயாவுந்தாங்க."

"பேக்டரிக்காரன் ஒருத்தனும் வாயத் தொறக்கிறானில்ல" என்றார் தாஸிம். "சனிக்கிழம ரெக்கோடிங்கே நடக்கல்ல எண்டு டீமேக்கர் சொல்லிட்டார். அவர மிஞ்சி ஆரு பேசுவான்? பேர் வெட்டி வேலைய இல்லாமலாக்கிப் போடுவாரே!"

யோகமலர் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சேர், ஞாயித்துக்கிழமை தோட்டத்தில கொழுந்து எடுக்கிறேல்லை."

"அதுக்கு?"

"எடுத்த கொழுந்தை இரவு வாட்டி அடுத்த நாள் காலமைதான் உருட்டிறது. ஞாயிறு கொழுந்து இல்லாட்டி, திங்கக்கிழமை காலமை உருட்ட ஒண்டுமில்லை. எஞ்சின் நிக்கும். சனிக்கிழமை எண்டால் ஓடும். அப்ப இந்தக் குரல் சனிக்கிழமை பதிஞ்சது எண்டால், அதுக்கு அடியில எஞ்சின் இருக்க வேணும்."

"எனக்கு ஒண்டும் கேக்கல்லியே!"

"இந்தக் குட்டி ஸ்பீக்கரில ஆனை நடந்தாலும் கேக்காது."

மாடசாமியிடம் திரும்பினாள். "அண்டைக்கு எஞ்சின் ஓடினதோ?"

அவன் விழித்தான். பொய் சொல்லத் தெரியாத விழிப்பு!

"கெவனிக்கலீங்க தாயீ... வேசம் மனசுல ஏறிருச்சின்னா எடி விழுந்தாலும் எனக்குக் கேக்காதுங்க."

"அட மடையா!" தாஸிமே தலையில் அடித்துக்கொண்டார். "கயிற ஒன்ட கையாலயே மாட்டிக்கொள்றியே!"

யோகமலர் கறுப்பு ஹெட்போனில் கேட்டாள். பழுப்பில் கேட்டாள். மறுபடி கறுப்பு... மறுபடி பழுப்பு... மாடசாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து என்ன பயன்? வெள்ளையடித்த சுவர்!

ஹெட்போனைக் கழற்றினாள்.

"டீமேக்கரைக் கூப்பிடுங்கோ சேர்."

"கேட்டிச்சா இல்லியா?"

"அவர் வரட்டும். அந்த எஞ்சினோட குடித்தனம் நடத்திறவர் அவர்தானே."

வெயில் சாயும்போது இளையதம்பி வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு. நெற்றியில் திருநீறு. கையில் ஒரு பார்சல்.

"பிள்ளை, நல்ல தேயிலை. செத்த வீட்டில சனத்துக்கு ஊத்திக் குடுக்க உதவும். சிற்றம்பலம் தம்பியை நினைச்சால்... சோறே இறங்குதில்லை!"

"இருங்கோ அண்ணை. ஒரு சின்னக் கேள்வி. சனிக்கிழமை பேக்டரியில ரெக்கோடிங் நடந்ததோ?"

"ஒண்டும் நடக்கேல்லை! நான் முழு நேரமும் அங்கதானே நிண்டனான். நடந்தால் எனக்குத் தெரியாமல் போகுமே?"

"அப்ப இந்த டேப்பில எஞ்சின் ஏன் ஓடுது?"

இளையதம்பி பார்சலை மேசையில் இறக்கினார்.

"எஞ்சினோ?"

"தொம்... தொம்... தொம்... வசனத்துக்கு அடியில. தெளிவாக் கேக்குது."

தாஸிம் துள்ளி எழுந்தார். "அப்ப சனிக்கிழம! மாடசாமி சொன்னது உண்ம!"

"இன்ஸ்பெக்டர், பிள்ளைக்கு மனம் சரியில்லை. பாவம், புருஷனைப் பறிகுடுத்தவள்..."

"மனம் சரியில்லைத்தான். காது சரி." பழுப்பு ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டினாள் யோகமலர். "நீங்களே கேளுங்கோ."

டேப் சுழன்றது.

இளையதம்பியின் காதுக்குள்... கும்ம்ம்! கும்ம்ம்! கும்ம்ம்!

நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கின் மேல் இறங்கியது. காதை மூடிக்கொண்டவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. கத்தினார்... பஸாருக்கே கேட்கக் கத்தினார்!

"இருக்க ஏலாது! நான் என்ர கையால எஞ்சினை நிப்பாட்டிக் குடுத்த பிறகுதானே அவர் ரெக்கோட் பண்ணினவர்!"

டக்! யோகமலர் டேப்பை நிறுத்தினாள்.

"எண்டைக்கு நிப்பாட்டினியள் அண்ணை?"

இளையதம்பி மெதுவாக ஹெட்போனைக் கழற்றினார்.

"திங்கக்கிழமை எஞ்சின் தானாகவே நிக்கிற நாள். நிக்கிறதை எப்பிடி நிப்பாட்டுறது அண்ணை? அப்ப நீங்கள் நிப்பாட்டினது சனிக்கிழமை!"

தாஸிம் மாடசாமியின் விலங்கைக் கழற்றினார். வேறு விலங்கு கைவசம் இல்லை. அதையே இளையதம்பிக்கு மாட்டினார்!

பிறகு எல்லாம் கொட்டியது. ஆள் நடமாட்டமில்லாத திங்கட்கிழமைக் காலை. பேக்டரிப் பின்கதவில் ஒரு தனியார் லொறி. களவாக ஏறிக்கொண்டிருந்த தேயிலைப் பெட்டிகள். மாடியில் விட்டுப்போன ரெக்கோடரை எடுக்க வந்த சிற்றம்பலம், அங்கே நின்று அதைப் பார்த்துவிட்டான். ஒரு தள்ளு! அதன் பிறகுதான் சனிக்கிழமை டேப் ஞாபகம் வந்தது; ரெக்கோடரைப் பிணத்தின் பக்கத்தில் வைத்தார்... மாடசாமியின் கழுத்துக்கு அளவாக!

"தள்ள முந்தி அவர் ஏதும் சொன்னவரோ?" யோகமலர் கேட்டாள்.

இளையதம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன் எண்டுதான் சொன்னவர் பிள்ளை... நான்தான் நம்பேல்லை."

"சரி" என்றாள்.

ஜீப் புறப்படத் தயாரானது. மாடசாமி அவள் காலில் விழ வந்தான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"வீட்டை போங்கோ. ஆக்கள் தேடுவினம்."

தாஸிம் மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

"மிஸிஸ் சிற்றம்பலம்... ஒரு சந்தேகம். எஞ்சின அவர் நிப்பாட்டினது உண்ம எண்டா, டேப்புல எஞ்சின் சத்தமே இரிக்காதே?"

"இல்லைத்தான்."

"என்ன?!"

"நான் ஒண்டும் கேக்கேல்லை சேர். கறுப்பில அடிச்சத்தமே இல்லை. பழுப்பில என்ர மனுசன் மைக்கில தட்டினதும் மாடசாமி மூச்சு விட்டதும் எல்லாம் கும்மெண்டு ஊதிப்போய்க் கிடக்கு. குற்றமுள்ள நெஞ்சுக்கு அது எஞ்சின்தான்."

"யா அல்லாஹ்! ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால, இமைகூட ஆடாம எப்பிடிப் பொய் சொன்னீங்க?"

"இமை ஆட உள்ளுக்குள்ள ஏதாவது ஓட வேணும். எனக்கு ஒண்டும் ஓடேல்லை."

ஜீப் போய்விட்டது. வாஹித் இரண்டு ஹெட்போன்களையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி... கொழும்புக்காரன் இண்டைக்கும் போன் எடுத்தான். எதைப் பத்தி என்ன சொல்ல?"

யோகமலர் விளக்கை அணைத்தாள்.

"ரெண்டையும் திருப்பி அனுப்புங்கோ நானா. கொலைகாரனைப் பிடிக்கலாம்... பாட்டுக் கேக்க ஏலாது!"